கழுவிய கார் ஏன் அடம்பிடிக்கிறது?



பிளெண்டரைக் கழுவியதும் அதன் அடிப்பாகத்தை ஈரத்தோடு மின்சாரத்தில் செருகக் கூடாது என்று நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதே வீட்டு வாசலில் நிற்கும் காரின் என்ஜினுக்குள் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு, உடனே சாவியைத் திருப்புகிறோம். கார் நடுங்குகிறது, இருமுகிறது, அல்லது ஸ்டார்ட் ஆகவே மறுக்கிறது. அதன்பிறகு யார் கழுவச் சொன்னது என்பதில் வீட்டில் ஒரு சண்டையும், கராஜில் ஒரு பெரிய பில்லும் வருகின்றன. இரண்டையும் தவிர்க்கலாம். எப்படி என்பதை இம்மாதம் பார்ப்போம்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருந்ததைப் பேணிக் காக்கவே எல்லோரும் பழகிக்கொண்டோம். இப்படிப் பேணப்படும் வாகனங்களில் சில பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் உண்டு. வீட்டுக்காரரோ, நானாவோ, தம்பியோ ஆசைப்பட்டு வாங்கி, தூசு படாமல் மூடி வைத்து, பெருநாளைக்கோ கல்யாணத்துக்கோ வெளியே எடுப்பார்கள். எடுப்பதற்கு முன் என்ஜினையும் பளபளவென்று கழுவிவிட வேண்டும் என்று தோன்றும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு, உலகில் மிக அதிகமாக விற்பனையான இரண்டு ஆசனத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். அது மஸ்டா எம்.எக்ஸ்-5. ஹிரோஷிமாவில் தயாரிக்கப்பட்டு, 1989இல் அமெரிக்காவின் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. ஜப்பானில் இதன் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். முன்விளக்குகள் மேலெழுந்து மடங்கும் அந்த முதல் மாதிரியின் உற்பத்தி 1997இல் முடிந்தது. ஆகவே அவற்றுள் கடைசியாக வந்த வண்டிக்கும் இப்போது 25 வயது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது வேறு பழைய கார் என்றாலும் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

பெற்றோல் என்ஜினுக்குள் பொறி பறக்க வேண்டும். பற்றரி கொடுப்பது 12 வோல்ட் மட்டுமே. கொயில் என்னும் பாகம் அதை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. தடித்த ரப்பர் வயர் வழியாக அது பிளக்குக்குப் போய்ச் சேர்கிறது.

இவ்வளவு வலுவான மின்சாரம் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். வயரின் ரப்பர் உலர்ந்து, வெடிப்பில்லாமல் இருந்தால் அது பிளக் வரை ஒழுங்காகப் போகும். ரப்பரின் மேல் ஈரமும் அழுக்கும் சோப்பும் சேர்ந்த ஒரு படலம் இருந்தால், பிளக்குக்குப் போகாமல் அந்தப் படலத்தின் வழியே என்ஜின் இரும்புக்குத் தாவிவிடும். அந்த சிலிண்டரில் பொறி இல்லை, பெற்றோல் எரியாது, என்ஜின் நடுங்கும். எல்லா சிலிண்டருக்கும் இதே கதி என்றால் ஸ்டார்ட்டே ஆகாது. என்ஜின் கழுவியபின் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் வருபவை.

எம்.எக்ஸ்-5இல் நான்கு பிளக்குகளும் என்ஜினின் மேல் மூடியில், ஆழமான நான்கு குழிகளுக்குள் இருக்கின்றன. மேலிருந்து அடிக்கும் தண்ணீர் ரப்பர் மூடியைத் தாண்டி இறங்கிவிட்டால், கிணற்றில் நிற்பது போல அங்கேயே தேங்கி நிற்கும். கொயில்கள் என்ஜினின் பின்பக்கம், கெபின் சுவரை ஒட்டிய ஒடுக்கத்தில் இருக்கின்றன. அங்கே புகுந்த ஈரம் வெளியில் தெரியாது. மேலே துடைத்து மினுக்கிய என்ஜின் உள்ளே நனைந்திருக்கும்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த தொல்லை அல்ல. 1959இல் இங்கிலாந்தில் மினி கார் வந்தபோது, பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் அமைந்திருந்தது. மழையில் போனால் நனைந்து வண்டி நின்றுவிடும். அங்குள்ள மக்கள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை அதன்மேல் மாட்டி, விரல் நுனிகளை வெட்டி, அதன் வழியே வயர்களை வெளியே எடுத்துவிட்டார்கள். குசினிக் கையுறை ஒரு காரைக் காப்பாற்றியது!

முதலில் செய்யக் கூடாதவை

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்காதீர்கள். பற்றரி இறங்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும், எரியாத பெற்றோல் பிளக்கை நனைக்கும். ஈரத்தோடு பெற்றோலும் சேர்ந்தால் வேலை இரட்டிப்பாகும்.

நடுங்கிக்கொண்டே ஓடும் காரை, “ஓட ஓடச் சரிவரும்” என்று நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரியும். அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகிவிடும். ஈரத்தை உலர்த்தச் செலவில்லை. அந்தப் பாகத்தை மாற்றவோ பெரும் பணம் வேண்டும்.

ஓடுகிற என்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். கராஜ் பழக்கத்தில் இது உண்டு. ஆனால் கையில் ஷொக் அடிக்கும், கொயிலும் கெடும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, இன்ஜெக்டரின் சிறு கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பதே பாதுகாப்பான முறை.

பியூஸ் எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ள பியூஸையே போட வேண்டும். சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஒப்பேற்றினால் வயர் பற்றி எரியும். பெற்றோல் வாசனை வந்தால் எதையும் தொடாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எப்போது தொடங்கியது?

வைத்தியர் “எப்போதிருந்து காய்ச்சல்?” என்று கேட்பது போல, இங்கும் முதல் கேள்வி அதுதான். கழுவுவதற்கு முன் நன்றாக ஓடிய கார் கழுவியபின் கெட்டால், கோளாறு தண்ணீரோ கையோ பட்ட இடத்தில்தான் இருக்கும். தண்ணீர் எட்டாத இடத்தில் தேடத் தொடங்குவது வீண் செலவு. நேரத்தைக் கவனித்தால் இடமும் பிடிபடும்.

கழுவிய இடத்திலேயே ஸ்டார்ட் ஆகவில்லையா? கொயில், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்திருக்கும். அல்லது கழுவும்போது ஏதோ ஒரு கனெக்டர் கழன்றிருக்கும்.

ஸ்டார்ட் ஆகி நடுங்குகிறதா? ஒன்றிரண்டு சிலிண்டர்களுக்குப் பொறி போகவில்லை. எம்.எக்ஸ்-5இல் ஒரு கொயில் 1ஆம், 4ஆம் சிலிண்டர்களுக்கும், மற்றது 2ஆம், 3ஆம் சிலிண்டர்களுக்கும் பொறி கொடுக்கிறது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் அதன் வயரையும் பிளக் குழியையும் பாருங்கள். ஒரே கொயிலுக்குரிய இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் கொயிலையும் அதன் கனெக்டரையும் பாருங்கள். இந்த ஒரு விபரம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சாவியை முறுக்கிப் பிடித்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகி, விட்டதும் அணைகிறதா? 1.6 லீற்றர் எம்.எக்ஸ்-5 என்றால் காற்றுக் குழாயைப் பாருங்கள். அந்த வண்டியில் உள்ளே போகும் காற்று ஒரு சிறு கதவைத் தள்ளித் திறந்தால்தான் பெற்றோல் பம்ப் தொடர்ந்து வேலை செய்யும். கழுவும்போது ரப்பர்க் குழாய் கழன்றிருந்தால் காற்று வேறு வழியாகப் போய்விடும், கதவு திறவாது, பம்ப் நின்றுவிடும். குழாயைச் சரியாகப் பொருத்தி, கிளிப்பை இறுக்கினால் போதும்.

ஓடும்போது பற்றரி விளக்கு எரிகிறதா? ஓல்டர்நேட்டரும் அதன் பெல்ட்டும் நனைந்திருக்கலாம். உலர்ந்தபின்னும் விளக்கு அணையாவிட்டால் மீற்றரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் நிற்கும்போது பற்றரியில் 12.6 வோல்ட் அளவும், ஓடும்போது 14 வோல்ட் அளவும் இருக்க வேண்டும்.

முதல் நாள் ஒன்றுமில்லாமல், நாலைந்து நாள் கழித்து விட்டுவிட்டுத் தொல்லை வருகிறதா? கனெக்டர்களுக்குள் புகுந்த தண்ணீர் செம்பில் பச்சைக் களிம்பை உண்டாக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். கடற்கரையை அண்டிய ஊர்களில் உப்புக் காற்றால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

உலர்த்தும் முறை

இதற்குப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டாம். வீட்டில் இருப்பவையே போதும்.

1. என்ஜின் ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எம்.எக்ஸ்-5இல் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. சால்வை, தொங்கும் கைச்சட்டை, வளையல் ஆகியவற்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். சில கார்களில் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும்.

2. பொனட்டைத் திறந்து இரண்டு மூன்று மணித்தியாலம் நல்ல வெயிலில் விடுங்கள். பல கார்கள் இத்துடனேயே சரியாகிவிடும்.

3. பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று சிறு டேப் ஒட்டி அடையாளமிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக, வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகியபடி கழற்றுங்கள். மாற்றிப் போட்டால் புதிய கோளாறு உண்டாகிவிடும்.

4. குழிக்குள் தண்ணீர் நின்றால், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் சிறு குழாயை மாட்டி உறிஞ்சி எடுங்கள். பிறகு குச்சியில் சுற்றிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். குழி உலரும்வரை பிளக்கைக் கழற்றவே கூடாது. கழற்றினால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீர் காற்றைப் போல் நசுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளிருக்கும் இரும்பு வளைந்துவிடும். அது என்ஜினையே இறக்கும் வேலை.

5. ஹெயார் ட்ரையரை நடுத்தரச் சூட்டில் வைத்து குழிகள், வயர் முனைகள், கொயில் பக்கம் எல்லாம் காற்று விடுங்கள். கையும் நிலமும் உலர்ந்திருக்க வேண்டும்; காலில் செருப்பு இருக்க வேண்டும். பெற்றோல் வாசனை சிறிதளவு இருந்தாலும் ட்ரையரைப் போடாதீர்கள். அதன் மோட்டாருக்குள்ளும் பொறி உண்டு.

6. கனெக்டர்களை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் உலர்த்துங்கள். பச்சை பிடித்திருந்தால் கொன்டக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டரை மட்டும் தொடாதீர்கள். அது பெரும்பாலும் எயார்பேக்குக்கு உரியது. டபிள்யூ.டி. 40 என்ற தெளிப்பானையும் பாவிக்கலாம். 1953இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியதே இரும்பிலிருந்து ஈரத்தை விரட்டத்தான். அதைத் தெளித்தால், ஆவி போய் உலர்ந்தபின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

7. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் “டக்” என்று சத்தம் கேட்கும்படி பொருத்தி, பற்றரியை இணைத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். நின்ற இடத்திலேயே 15 நிமிடம் ஓடட்டும். என்ஜின் சூடு மிச்ச ஈரத்தையும் விரட்டிவிடும். வீட்டுக்குள் புகை வராத திறந்த வெளியில் இதைச் செய்யுங்கள்.

உலர்ந்தும் சரிவராவிட்டால்

இருட்டியபின் காரை ஓடவிட்டு, பொனட்டைத் திறந்து, கைகளை விலக்கி நின்று பாருங்கள். வயரின் மேல் நீல நிறத்தில் சிறு பொறிகள் தாவுவது தெரிந்தால் அந்த வயர் வெடித்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார் என்றால் அதன் மூடியைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கோடு மயிரிழை போல ஓடியிருந்தால் மின்சாரம் அங்கே குறுக்கு வழி போட்டுவிட்டது. எவ்வளவு உலர்த்தினாலும் அது போகாது. மூடியை மாற்றத்தான் வேண்டும்.

கராஜுக்குப் போக நேர்ந்தால், “கார் மிஸ் பண்ணுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது கழுவியது, எப்போது தொடங்கியது, எந்த சிலிண்டர், எவ்வளவு உலர்த்தியது என்று சொல்லுங்கள். செலவின் வரிசையும் மனதில் இருக்கட்டும். முதலில் உலர்த்தல், பிறகு வயரும் பிளக்கும், அதன் பிறகே கொயில். “கம்பியூட்டர் போய்விட்டது” என்று எடுத்த எடுப்பில் யாராவது சொன்னால், எப்படித் தெரியும் என்று மரியாதையாகக் கேளுங்கள். எம்.எக்ஸ்-5இல் கம்பியூட்டர் கெபினுக்குள் இருக்கிறது. பொனட்டுக்குள் அடித்த தண்ணீர் அங்கே போய்ச் சேருவது அபூர்வம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி வாருங்கள்.

குற்றம் யாருடையது?

சகோதரிகளே, இம்மாதப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் வயரும் ரப்பரும் மழைக்கும் தாங்கும், சிறு தண்ணீருக்கும் தாங்கும். கழுவிய அன்றே வண்டி நின்றதென்றால், பெரும்பாலும் அங்கே முன்பே ஒரு பலவீனம் இருந்திருக்கிறது. ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். அல்லது, எம்.எக்ஸ்-5இல் அடிக்கடி நடப்பது போல, மேல் மூடியிலிருந்து ஒயில் கசிந்து பிளக் குழியில் நின்று ரப்பரை ஊறவைத்திருக்கும். தண்ணீர் அதை வெளியே காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகையால் உலர்ந்து ஓடத் தொடங்கியதும் “சரியாகிவிட்டது” என்று மறந்துவிடாதீர்கள். அடுத்த அடைமழையில், இரவில், பிள்ளைகளோடு போகும்போது நடுவீதியில் அது மீண்டும் வரும். வெயில் காலத்திலேயே ஒரு செட் வயரும் தேவையான ரப்பர்களும் மாற்றிவிட்டால், அந்த இரவு வராது. கழுவிய தம்பியைத் திட்டுவதற்குப் பதிலாக, “நல்ல வேளை, வாசலிலேயே தெரிந்துவிட்டது” என்று சொல்லலாம்.

அடுத்த முறை கழுவும்போது

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பற்றரியைக் கழற்ற வேண்டும். கொயில், டிஸ்ட்ரிபியூட்டர், ஓல்டர்நேட்டர், பியூஸ் பெட்டி, காற்றுக் குழாயின் வாய் ஆகியவற்றைப் பொலித்தீன் பையால் மூடி ரப்பர் பட்டி போட வேண்டும். சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டால், “பொனட்டுக்குள் பிரஷர் அடிக்க வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது ரப்பரைத் தின்னும், தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. பழைய பல் தூரிகை, பிழிந்த துணி, கொஞ்சம் சோப்பு, நிறையப் பொறுமை. பழைய கார் ஒன்றின் என்ஜினுக்கு இவையே போதும்.

அடுத்த மாதம் பற்றரியை நீண்ட நாள் பாவிக்கும் முறைகள் பற்றிப் பார்ப்போம்.